மாலைத்தீவுகளின் 2018 தேர்தல் முடிவும் அண்டை நாட்டு ஊடகங்களும்

மாலைத்தீவுகளில் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலில், எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளரான இப்ராகிம் முகமது சோலி, ஆட்சியிலிருந்த அப்துல்லா யாமீனைத் தோற்கடித்தார். இம்முடிவு குறித்து இந்தியா, சீனா, இலங்கை உள்ளிட்ட நாடுகளின் ஊடகங்கள் விரிவாக எழுதின. அவற்றுள் பல, தேர்தலை இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான செல்வாக்குப் போட்டியாகவே நோக்கின. நீதித்துறை, ஊழல், அரசியல் கைதிகள், ஊடகச் சுதந்திரம் ஆகிய உள்நாட்டுச் சிக்கல்கள் இப்பார்வையில் இரண்டாம் இடத்தையே பெற்றன. 2023ஆம் ஆண்டுத் தேர்தலில் மீண்டும் எதிர்க்கட்சி வென்றபோதும் இதே அளவுகோல் தலைகீழாகப் பயன்படுத்தப்பட்டது. இரு தேர்தல்களுக்கும் பின் நடந்தவை, இவ்வளவுகோல் ஓரளவே சரியானது என்பதைக் காட்டுகின்றன.

பின்னணி

மாலைத்தீவுகள் இந்தியப் பெருங்கடலில் அமைந்துள்ள, ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகளைக் கொண்ட ஒரு நாடாகும். இதன் தலைநகரம் மாலே. இந்தியாவின் இலட்சத்தீவுகளைச் சேர்ந்த மினிக்காய்த் தீவு இதன் வட எல்லைக்கு அருகில் உள்ளது.

1978ஆம் ஆண்டு முதல் முப்பது ஆண்டுகள் மாமூன் அப்துல் கயூம் ஆட்சி செய்தார். பல கட்சிகள் பங்கேற்ற முதல் குடியரசுத் தலைவர் தேர்தல் 2008 அக்டோபரில் நடைபெற்றது. அதன் இரண்டாம் சுற்றில் மாலைத்தீவு சனநாயகக் கட்சியின் முகமது நசீது 54 விழுக்காடு வாக்குகள் பெற்றுக் கயூமை வென்றார். நசீது முன்னர் இதழாளராகப் பணியாற்றி, தம் எழுத்துக்காகச் சிறை சென்றவர். 2012 பெப்ரவரி 7 அன்று அவர் பதவி விலகினார். தாம் கட்டாயத்தின் பேரில் விலக நேர்ந்தது என்று பின்னர் கூறினார்.

2013 நவம்பரில் கயூமின் மாற்றாந்தாய்ச் சகோதரரான யாமீன், நசீதை ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்குகளால் வென்றார். 2015 மார்ச்சில் பயங்கரவாதக் குற்றச்சாட்டின் பேரில் நசீதுக்கு 13 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மருத்துவச் சிகிச்சைக்காகப் பிரித்தானியா சென்ற அவர் அங்கு அடைக்கலம் பெற்றார். 2018 பெப்ரவரி 1 அன்று, நசீது உள்ளிட்ட அரசியல் கைதிகளை விடுவிக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பெப்ரவரி 5 அன்று யாமீன் நெருக்கடி நிலையை அறிவித்தார். தலைமை நீதிபதியும் கயூமும் கைது செய்யப்பட்டனர். நெருக்கடி நிலை 45 நாட்கள் நீடித்தது. நசீது போட்டியிட இயலாத நிலையில், அவரது கட்சியின் நாடாளுமன்றத் தலைவரான சோலியை எதிர்க்கட்சிகள் பொது வேட்பாளராக நிறுத்தின.

தேர்தல் முடிவு

வாக்களித்தோர் ஏறத்தாழ 89 விழுக்காடு. சோலி 58.4 விழுக்காடும் யாமீன் 41.6 விழுக்காடும் பெற்றனர். நீண்ட வரிசைகள் காரணமாக வாக்குப்பதிவு நேரம் மூன்று மணி நேரம் நீட்டிக்கப்பட்டது. இந்தியா, இலங்கை, மலேசியா, பிரித்தானியா ஆகிய நாடுகளிலும் வாக்குச்சாவடிகள் அமைக்கப்பட்டிருந்தன.

செப்டம்பர் 24 அன்று யாமீன் தொலைக்காட்சியில் தோன்றித் தோல்வியை ஏற்றுக்கொண்டார். எனினும் அக்டோபரில், மறையும் மை பயன்படுத்தப்பட்டது என்பது உள்ளிட்ட புகார்களுடன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றம் அம்மனுவை அக்டோபர் 21 அன்று தள்ளுபடி செய்தது. சோலி நவம்பர் 17 அன்று பதவியேற்றார்.

தேர்தலின் போது ஊடகச் சூழல்

மாலைத்தீவு ஊடகங்கள் கடும் நெருக்கடிக்கிடையே இத்தேர்தலைச் சந்தித்தன. செய்தியாளர் அகமது ரில்வான் 2014 ஆகத்து 8 அன்று காணாமற் போனார். வலைப்பதிவர் யாமீன் ரசீது 2017 ஏப்ரல் 23 அன்று குத்திக் கொல்லப்பட்டார். 2016 ஆகத்தில் நிறைவேற்றப்பட்ட அவதூறுச் சட்டம் 20 இலட்சம் ரூபியா வரை தண்டம் விதிக்க இடமளித்தது. தண்டம் செலுத்தத் தவறினால் சிறைத்தண்டனையும் உண்டு. எதிர்க்கட்சி ஆதரவுத் தொலைக்காட்சியான ராச்சே டிவி இச்சட்டத்தின் கீழ்ப் பலமுறை தண்டம் செலுத்தியது. நாட்டின் பழமையான நாளிதழான அவீரு 2016இல் நின்றுபோனது. அதிலிருந்து வெளியேறிய இதழாளர்கள் மிகாரு என்னும் நாளிதழைத் தொடங்கினர்.

2016 செப்டம்பரில் அல் சசீரா தொலைக்காட்சி, மாலைத்தீவுச் சுற்றுலா நிறுவனத்தின் வழியாகத் தீவுகள் குத்தகைக்கு விடப்பட்டதில் நடந்த ஊழல் குறித்த ஆவணப்படம் ஒன்றை வெளியிட்டது. அது வெளியான உடனேயே மாலைத்தீவு இன்டிபென்டன்ட் செய்தித்தள அலுவலகத்தில் காவல்துறை சோதனை நடத்தியது.

வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கும் தடைகள் இருந்தன. 2018 பெப்ரவரியில் ஏஎஃப்பி செய்தி நிறுவனத்துக்காகப் பணியாற்றிய இருவர் கைது செய்யப்பட்டு வெளியேற்றப்பட்டனர். ஒருவர் இந்தியர், மற்றவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிரித்தானியர். தேர்தல் நேரத்தில் நுழைவிசைவு பெறுவதும் கடினமாக இருந்தது. உரிய சூழல் இல்லை என்று கூறி ஐரோப்பிய ஒன்றியம் தேர்தல் பார்வையாளர்களை அனுப்பவில்லை. இதனால் வெளியுலகுக்குக் கிடைத்த செய்திகளில் கணிசமானவை கொழும்பு, புது தில்லி ஆகிய நகரங்களிலிருந்து எழுதப்பட்டவையாக இருந்தன.

இந்திய ஊடகங்கள்

தேர்தலுக்கு முன்

இந்திய ஊடகங்களின் எதிர்வினையைப் புரிந்துகொள்ள முந்தைய ஆறு ஆண்டு நிகழ்வுகள் முக்கியமானவை. 2012 நவம்பரில், மாலே வானூர்தி நிலையத்தை மேம்படுத்த இந்தியாவின் சிஎம்ஆர் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 50 கோடி டாலர் ஒப்பந்தத்தை மாலைத்தீவு அரசு நீக்கியது. பின்னர் அப்பணி ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. 2017 திசம்பரில் யாமீன் அரசு சீனாவுடன் தடையில்லா வணிக உடன்பாட்டில் கையெழுத்திட்டது. அதே மாதத்தில், அரசுக்கு நெருக்கமானதாகக் கருதப்பட்ட வகுத்து என்னும் திவெயி மொழி இதழ், இந்தியாவைப் பகை நாடாகச் சித்திரித்துத் தலையங்கம் வெளியிட்டது. அது அரசின் கருத்தன்று என்று மாலைத்தீவு வெளியுறவு அமைச்சகம் விளக்கம் அளித்தது.

2018 பெப்ரவரியில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும், படைத்துணையுடன் தூதர் ஒருவரை அனுப்புமாறு நசீது இந்தியாவைக் கேட்டுக்கொண்டார். இதையடுத்து, இந்தியா தலையிட வேண்டுமா என்பது குறித்து இந்திய நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் விவாதங்கள் நடைபெற்றன. அவற்றில் 1988ஆம் ஆண்டு நிகழ்வு அடிக்கடி நினைவுகூரப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், இலங்கையின் புளொட் இயக்கத்தைச் சேர்ந்த ஆயுததாரிகளின் துணையுடன் மாலேயில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. கயூமின் வேண்டுகோளின்படி இந்தியப் படைகள் சென்று அதனை முறியடித்தன. ஆனால் 1988இல் உதவி கேட்டது ஆட்சியிலிருந்த அரசு. 2018இல் கேட்டதோ எதிர்க்கட்சித் தலைவர். இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டிய கட்டுரைகளும் வெளிவந்தன. இந்திய அரசு படை அனுப்பவில்லை.

ஆகத்து மாதத்தில், தேர்தலில் முறைகேடு நடந்தால் இந்தியா மாலைத்தீவுகள் மீது படையெடுக்க வேண்டும் என்று பாரதிய சனதா கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் சுப்பிரமணியன் சுவாமி டுவிட்டரில் எழுதினார். மாலைத்தீவு அரசு இந்தியத் தூதரை அழைத்து எதிர்ப்புத் தெரிவித்தது. அது அரசின் கருத்தன்று என்று இந்தியாவும் விளக்கியது. எட்டு மாதங்களுக்கு முன் மாலே கூறிய அதே விளக்கத்தை இப்போது புது தில்லி கூற நேர்ந்தது.

தேர்தலுக்குப் பின்

அதிகாரப்பூர்வ முடிவு வெளியாகும் முன்னரே, செப்டம்பர் 24 அன்று இந்திய வெளியுறவு அமைச்சகம் சோலிக்கு வாழ்த்துத் தெரிவித்தது. மக்களாட்சியின் வெற்றி என்று அவ்வறிக்கை தேர்தலைக் குறிப்பிட்டது. பிரதமர் நரேந்திர மோதி சோலியுடன் தொலைபேசியில் உரையாடினார்.

இந்திய ஊடகங்களில் பொதுவாக மூன்று கருத்துகள் முன்வைக்கப்பட்டன.

1. சீன ஆதரவுத் தலைவர் தோற்றார். எனவே இது சீனாவுக்குப் பின்னடைவு.
2. இந்தியா படை அனுப்பாமல் பொறுமை காத்தது சரியான முடிவு.
3. அண்டை நாடுகளில் இழந்த இடத்தை மீட்க இந்தியாவுக்கு இது ஒரு வாய்ப்பு.

யாமீன் என்ற பெயருக்கு முன் 'சீன ஆதரவு' என்ற அடைமொழி இந்திய ஊடகங்களிலும் பன்னாட்டுச் செய்தி நிறுவனங்களிலும் வழக்கமாகியிருந்தது. சீனாவைச் சார்ந்திருக்கும் போக்கு எளிதில் மாறாது, கடன் தொடரும் என்று எச்சரித்தோரும் இருந்தனர். நவம்பரில் சோலியின் பதவியேற்பு விழாவில் மோதி பங்கேற்றதும், திசம்பரில் இந்தியா 140 கோடி டாலர் உதவி அறிவித்ததும் இப்பார்வைக்கு வலுச்சேர்த்தன.

சீன ஊடகங்கள்

2018 பெப்ரவரியில், சீனப் பொதுவுடைமைக் கட்சியின் மக்கள் நாளிதழ் குழுமத்தைச் சேர்ந்த குளோபல் டைம்சு இதழ், இந்தியா தன்னிச்சையாகப் படை அனுப்பினால் சீனா அதனைத் தடுக்க நடவடிக்கை எடுக்கும் என்னும் பொருளில் தலையங்கம் எழுதியது. தேர்தலுக்குப் பின் சீன வெளியுறவு அமைச்சகம் அடக்கமான தொனியைக் கையாண்டது. மாலைத்தீவு மக்களின் தேர்வை மதிப்பதாகவும், கொள்கைகளில் தொடர்ச்சி நீடிக்கும் என நம்புவதாகவும் தெரிவித்தது. தேர்தலுக்கு ஒரு மாதத்திற்குள், ஆகத்து 30 அன்று, மாலேயையும் வானூர்தி நிலையத் தீவான உல்குலேயையும் இணைக்கும், சீன உதவியுடன் கட்டப்பட்ட பாலம் திறக்கப்பட்டிருந்தது குறிப்பிடத்தக்கது.

பின்னர் கடன் தொகை குறித்த முரண்பட்ட எண்கள் ஊடகங்களில் வெளியாயின. சீனாவுக்குத் தரவேண்டியது ஏறத்தாழ 300 கோடி டாலர் என்று நசீது கூறினார். மாலேயிலிருந்த சீனத் தூதர் அதனை மறுத்து, ஏறத்தாழ 150 கோடி டாலர் என்றார். அரசு நேரடியாகப் பெற்ற கடனையும், அரசு பொறுப்புறுதி அளித்த பிறரது கடனையும் சேர்த்தோ பிரித்தோ கணக்கிடுவதைப் பொறுத்து இவ்வெண்கள் மாறின.

இலங்கை ஊடகங்கள்

மாலைத்தீவு எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் கொழும்பில் தங்கியிருந்தமையால் இத்தேர்தல் இலங்கைக்கும் நெருக்கமான செய்தியாக அமைந்தது. நசீது நவம்பர் 1 அன்று இலங்கையிலிருந்தே தாயகம் திரும்பினார். எதிர்க்கட்சிகள் பொது வேட்பாளரை நிறுத்தி வலிமையான ஆட்சியாளரைத் தோற்கடிக்கும் முறையை இலங்கை 2015 சனவரியில் கண்டிருந்தது. அத்தேர்தலில் மைத்திரிபால சிறிசேன, மகிந்த ராசபக்சவைத் தோற்கடித்தார்.

இலங்கை அனுபவம் மற்றொரு வகையிலும் பொருத்தமானது. ராசபக்சவின் தோல்வியும் அப்போது சீனாவுக்குப் பின்னடைவு என்றே இந்திய ஊடகங்களில் எழுதப்பட்டது. ஆனால் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனம் ஒன்றிடம் 2017இல் ஒப்படைக்கப்பட்டது சிறிசேனவின் ஆட்சியில்தான். 2018 அக்டோபர் 26 அன்று சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி ராசபக்சவை நியமித்தபோது, மாலைத்தீவுகளில் பெற்றதை இந்தியா இலங்கையில் இழக்கிறதா என்ற கேள்வி இந்திய ஊடகங்களில் எழுந்தது. அந்நியமனம் ஏறத்தாழ ஏழு வாரங்களே நிலைத்தது.

மாலைத்தீவு ஊடகங்கள்

தேர்தல் இரவில் வாக்கு எண்ணிக்கை விவரங்களைப் பன்னாட்டுச் செய்தி நிறுவனங்கள் மிகாரு இதழின் தளத்திலிருந்தே பெருமளவில் பெற்றன. ஆக, வெளிநாட்டு ஊடகங்கள் எண்களுக்கு உள்நாட்டு இதழ்களை நம்பியிருந்தன. விளக்கத்தைத் தத்தம் தலைநகரங்களில் எழுதிக்கொண்டன. திவெயி மொழி தானா என்னும் தனி எழுத்துமுறையில் வலமிருந்து இடமாக எழுதப்படுவதாகும். இந்தியாவில் மினிக்காய்த் தீவில் இம்மொழியின் ஒரு வட்டார வழக்கு பேசப்பட்டாலும், இந்தியச் செய்தி அறைகளில் இதனைப் படிக்கக்கூடியோர் அரிது. தி இந்து போன்ற நாளிதழ்கள் கொழும்பிலுள்ள செய்தியாளர் வழியாகவே மாலைத்தீவுச் செய்திகளை வெளியிட்டன.

மாலைத்தீவு இதழாளர்களுக்கு இத்தேர்தலின் முதன்மையான விளைவு வேறாக இருந்தது. 2016ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் 2018 நவம்பரில் நீக்கப்பட்டது. கொலைகளையும் காணாமற் போதல்களையும் விசாரிக்கச் சோலி ஓர் ஆணையத்தை அமைத்தார். ரில்வான் கடத்தப்பட்டுக் கடலில் கொல்லப்பட்டார் என்று 2019 செப்டம்பரில் அவ்வாணையம் தெரிவித்தது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் ஊடகச் சுதந்திரப் பட்டியலில் 2018இல் 120ஆம் இடத்திலிருந்த மாலைத்தீவுகள், 2019இல் 98ஆம் இடத்துக்கும் 2020இல் 79ஆம் இடத்துக்கும் முன்னேறின. பின்னர் சோலியின் ஆட்சியிலேயே, செய்தி மூலங்களை வெளியிடுமாறு நீதிமன்றம் கட்டாயப்படுத்த இடமளிக்கும் சான்றுச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டு, இதழாளர்களின் எதிர்ப்பைப் பெற்றது.

2008, 2018, 2023: ஓர் ஒப்பீடு

2008இல் நசீதின் வெற்றியை உலக ஊடகங்கள் முப்பதாண்டு ஆட்சியின் முடிவாகவும், முன்னாள் கைதி ஒருவரின் வெற்றியாகவும் எழுதின. சில நாட்களில் கவனம் காலநிலை மாற்றத்தின் பக்கம் திரும்பியது. கடல்மட்டம் உயர்ந்தால் மக்களைக் குடியமர்த்த வேறு நாட்டில் நிலம் வாங்கும் எண்ணத்தை அவர் வெளியிட்டது பெருஞ்செய்தியாயிற்று. அப்போது சீனா குறித்த பேச்சு பெரிதாக எழவில்லை. சீனாவுக்கு மாலேயில் தூதரகமே 2011இல்தான் திறக்கப்பட்டது.

2023 செப்டம்பர் 30 அன்று நடைபெற்ற இரண்டாம் சுற்றில், எதிர்க்கட்சி வேட்பாளரான மாலே மாநகர முதல்வர் முகமது முயிசூ 54 விழுக்காடு வாக்குகள் பெற்றுச் சோலியை வென்றார். 'சீன ஆதரவு வேட்பாளர் வெற்றி' என்பதே இந்திய ஊடகங்களின் பொதுவான தலைப்பாக இருந்தது. 'இந்தியாவே வெளியேறு' இயக்கமும், இந்தியப் படையினரைத் திருப்பி அனுப்பும் வாக்குறுதியும் அதற்குக் காரணங்களாயின. ஆனால் மாலைத்தீவு சனநாயகக் கட்சி பிளவுற்றிருந்ததும் தோல்விக்கு முக்கியக் காரணமாகும். நசீது தம் ஆதரவாளர்களுடன் பிரிந்து தொடங்கிய புதிய கட்சியின் வேட்பாளர் முதல் சுற்றில் 7 விழுக்காடு வாக்குகள் பெற்றார். அச்சுற்றில் முயிசூவுக்கும் சோலிக்கும் இடையிலான வேறுபாடும் ஏறத்தாழ அதே அளவினதே.

அடுத்த மாதங்களில் இப்பார்வை உறுதிப்பட்டதாகத் தோன்றியது. முயிசூ 2024 சனவரியில் சீனா சென்றார். அதே மாதத்தில் மாலைத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் மோதியைப் பற்றி இழிவாக எழுதியதற்காகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். மாலைத்தீவுச் சுற்றுலாவைப் புறக்கணிக்கும் அழைப்பு இந்தியாவில் பரவியது. 2023இல் இரண்டு இலட்சத்துக்கு மேலிருந்த இந்தியப் பயணிகளின் எண்ணிக்கை 2024இல் ஏறத்தாழ 1.3 இலட்சமாகக் குறைந்தது. இந்தியப் படையினர் 2024 மே மாதத்துக்குள் வெளியேறினர்.

ஆயினும் 2024 அக்டோபரில் முயிசூ புது தில்லிக்கு அரசமுறைப் பயணம் மேற்கொண்டார். அந்நியச் செலாவணி நெருக்கடியிலிருந்த மாலைத்தீவுகளுக்கு 40 கோடி டாலரும் 3,000 கோடி இந்திய ரூபாயும் கொண்ட நாணயப் பரிமாற்ற வசதியை இந்தியா வழங்கியது. 2025 சூலையில் மாலைத்தீவு விடுதலையின் 60ஆம் ஆண்டு விழாவில் மோதி சிறப்பு விருந்தினராகப் பங்கேற்றார். அதே காலத்தில் சீனாவுடனான தடையில்லா வணிக உடன்பாடும் 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதாவது, முயிசூவின் அரசு இரு நாடுகளிடமிருந்தும் உதவி பெற்றது.

விமர்சனம்

'இந்திய ஆதரவு', 'சீன ஆதரவு' என்னும் பகுப்பு முற்றிலும் பிழையானதன்று. வானூர்தி நிலைய ஒப்பந்தம், வணிக உடன்பாடு, படையினர் வெளியேற்றம் ஆகியவை உண்மையான கொள்கை மாற்றங்களே. ஆனால் வாக்காளர்கள் ஏன் அவ்வாறு வாக்களித்தனர் என்பதை இப்பகுப்பு விளக்கவில்லை. 2013, 2018, 2023 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஆட்சியிலிருந்தவர் மீண்டும் ஆட்சிக்கு வரவில்லை. வெளிநாட்டுச் சார்பு எதுவாயினும் இதுவே நிகழ்ந்தது.

மேலும் இப்பகுப்பு மாலைத்தீவு அரசியலிலும் எதிரொலித்தது. சோலியின் வெற்றி இந்தியாவின் வெற்றியாக இந்திய ஊடகங்களில் கொண்டாடப்பட்டது, அவர் இந்தியாவின் ஆள் என்று கூறிய எதிரணியினரின் பரப்புரைக்கு ஒத்துப்போவதாக அமைந்தது. அப்பரப்புரை வலுத்த நிலையில், உள்நாட்டு ஊடகங்களில் இந்தியத் தூதரக அலுவலர்கள் தாக்கி எழுதப்படுவதாக 2021இல் இந்தியத் தூதரகம் முறையிட்டது. 2022 ஏப்ரலில் சோலி 'இந்தியாவே வெளியேறு' இயக்கத்துக்குத் தடை விதித்தார். கருத்துச் சுதந்திரத்தை முன்னிறுத்தி ஆட்சிக்கு வந்த அரசு, அண்டை நாட்டுடனான உறவைக் காரணம் காட்டி ஓர் இயக்கத்தைத் தடை செய்யும் நிலை ஏற்பட்டது.

2025 செப்டம்பரில் மாலைத்தீவு நாடாளுமன்றம் புதிய ஊடக ஒழுங்குமுறைச் சட்டமொன்றை நிறைவேற்றியது. ஊடகங்களுக்குத் தண்டம் விதிக்கவும், அவற்றை மூடுவதற்கு நடவடிக்கை எடுக்கவும் அதிகாரம் கொண்ட ஆணையம் ஒன்றை அது அமைக்கிறது. மாலைத்தீவு இதழாளர்களும் பன்னாட்டு ஊடக அமைப்புகளும் இதனை எதிர்த்தனர். 2018இல் நீக்கப்பட்ட அவதூறுச் சட்டத்தின் நினைவு இதனால் மீண்டும் எழுந்துள்ளது. தேர்தல் இரவில் அண்டை நாடுகளுக்கு முடிவுகளைத் தெரிவித்த உள்நாட்டு இதழ்கள் இச்சட்டத்தின் கீழ் வருகின்றன.